இரும்பாணி, ஒன்று

டென் ஹெல்டர். பழைய கடற்படைத் தளத்தின் உலர்துறை.
சனிக்கிழமை. காபி கொதிக்குமுன்பே
சண்டை கொதித்துவிட்டது: எந்தச் சாம்பல் நிறம்?

ருட்கர் பல் மருத்துவர்.
கடலில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு வரைபடங்களும் மனப்பாடம்.
வண்ண அட்டையை விரித்து, "இது," என்கிறார்.
சீட்சே எஞ்சின் அறையில் பதினோரு வருடம் வெந்தவர்.
"எந்த டப்பாவில் மிச்சமிருந்ததோ, அது."

நான் பதிவேடு எழுதுகிறவன்.
"சாம்பல்: முடிவாகவில்லை" என்று எழுதினேன்,
நான்காவது வாரமாக.

ஸ்டெர்ன் என்றால் ஆலாப் பறவை.
கண்ணிவாரிக் கப்பலுக்கு யார் வைத்த பெயரோ.
ஓக் மரச் சட்டம், தேக்குத் தளம்,
ஆணியெல்லாம் வெண்கலம்,
நங்கூரச் சங்கிலிகூட வெண்கலம்,
சமையல்காரனின் கரண்டி அலுமினியம்.
கடலடி மணலில் படுத்திருக்கும் கண்ணிக்குக்
காந்தம்தான் காது.
அந்தக் காதில் விழாமல் தலைக்குமேல் நடந்துபோகக்
கட்டியது இவளை.
இரும்பு பிடித்த கை சும்மா இருக்காது என்பார்கள்.
இங்கே இரும்பு பிடிக்கக் கூடாத கைகள்
முப்பது வருடம் சும்மா இருந்ததில்லை.

ஹில்கே காந்தமானியோடு கீழே போனாள்.
மாலுமிகள் அறை, இடப்புறம், மேலடுக்குப் படுக்கை.
முள் துள்ளியது.
சுரண்டினோம்:
வெள்ளை, வெள்ளை, தந்த நிறம்,
ஒரு பச்சை (எவன் அடித்த பச்சை?),
மறுபடி வெள்ளை. அதற்கடியில்
ஒரு தலை, கொள்ளளவு.
இரும்பு.

பசுமரமென்றால் ஆணி தானாய் இறங்கும்.
இது காய்ந்த ஓக். பலமாக அடிக்க வேண்டும்,
யாருக்கும் கேட்காமலும் அடிக்க வேண்டும்.

"வரைபடத்தில் இல்லை," என்றார் ருட்கர்.
பிடுங்குவதே தொழிலானவர். குறடுகூட எடுத்துவிட்டார்.
சீட்சே சிரித்தார்: "என் எஞ்சின் இரண்டும் என்ன, கோதுமை மாவா?
அதற்குத்தானே கப்பலைச் சுற்றிக் கம்பிச்சுருள்,
இரும்பின் குரலை எதிர்க்குரலால் அமுக்க."

வுப்போ ஏணியில் நின்றிருந்தார்.
தளம் பெருக்குவார், அதிகம் பேசமாட்டார்.
"அளந்து முடித்த பிறகு அடித்தது," என்றார்.
"கோட்டு மாட்ட."

டெர்ஸ்கெல்லிங் தீவுக்கு வடக்கே,
அதே மாதம், விடிகாலை நாலு மணி.
கப்பலின் வாலுக்குப் பின்னால் கடல் எழுந்து நின்று
விழுந்தது.
யாரும் சாகவில்லை.
பின்தளத்தில் நின்ற ஹார்மனுக்கு
இடது காது போயிற்று.

சனிக்கிழமைதோறும் வுப்போ
ஹார்மனின் வலப்பக்கமே உட்காருவார்.
பழக்கம் என்று நினைத்திருந்தோம்.

ஹில்கே கணக்குப் போட்டாள், காகிதத்தில், பொறுமையாக:
இருபது மீட்டர் ஆழம்,
இத்தனை கிராம் இரும்பு,
பூஜ்யத்துக்குப் பின் புள்ளி, பிறகும் பூஜ்யங்கள்.
வுப்போ ஒவ்வொரு பூஜ்யத்தையும் பார்த்தார்.
"நீ சொல்வது சரி, பெண்ணே," என்றார்,
ஐம்பத்தொரு வருடத்தை
இந்தக் காகிதத்தில் எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல.

மேலிருந்து ஹார்மன் கத்தினார்:
"அங்கே என்ன கூட்டம்?"
யாரும் சொல்லவில்லை.
அவரே இறங்கி வந்தார், முழங்காலைத் திட்டிக்கொண்டே.
ஆணியைப் பார்த்தார்.
"அட, இன்னும் இருக்கிறதா!
நீ வெளியே நிற்கும்போது நான் இதில் துண்டு மாட்டுவேன்.
நல்ல ஆணி."

வுப்போ வாய் திறந்தார்.
எதையோ சொன்னார், மெதுவாக,
இடது பக்கமாக நின்று.

ஹார்மன் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு
மேலே போய்விட்டார்.

ருட்கர் குறடைப் பையில் போட்டார்.
இருநூற்று ஏழாம் வரைபடத்தை விரித்து
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.
கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார்.
அழித்து, சரியான இடத்தில் வைத்தார்.

பதிவேட்டில் எழுதினேன்:
இரும்பாணி, ஒன்று. இடம் மாற்றவில்லை.
யாருடையது என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

மேலே மறுபடி சாம்பல் நிறச் சண்டை.
காபி ஆறிவிட்டிருந்தது.